இருபத்து நாலு பன்னும் ஒரு மோதிரமும்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எதையும் நடுவில் தொடங்கி, முன்னால் போய், அடுப்பில் ஒன்றைத் தீயவிட்டு முடிக்கிற ஆள். கூடவே இருந்த குருசம்மா மைனியைச் சொல்லச் சொல்லலாம். ஆனால் அவள் சொன்னால் நான் செய்ததெல்லாம் வெளியே வந்துவிடும். நான் சொன்னால் அவள் செய்ததும் சேர்ந்து வரும். அதனால் நானே எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அன்றைக்கு வரவில்லை.

எங்களுக்குத் தூத்துக்குடி. மகள் லிடியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ரூபன் கப்பலில் சமையல்காரர். பெண் பார்க்க வந்த அன்றே அவருடைய அம்மா எஸ்தாக்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

"எங்க பையன் ஏழு கடல் தாண்டிச் சாப்பிட்டவன். நிச்சயத்துக்குக் கடைப் பண்டம் வேண்டாம். வீட்டுல என்ன சுடுதீங்கன்னு பார்க்கேன்."

அந்தப் 'பார்க்கேன்' ஒரு வாரம் என் காதிலேயே கிடந்தது. பன் நன்றாக வராவிட்டால் பெண்ணையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கு ஒரே கவலை.

லிடியா ஒரு தாளில் செய்முறை எழுதிக் கொடுத்தாள். ஆட்டுக்கறி ஸ்டூவோடு சாப்பிட வீட்டிலேயே சுட்ட பன். ரோஜா மாதிரி எட்டு, சடைப் பின்னல் மாதிரி எட்டு, புறா மாதிரி எட்டு. மொத்தம் இருபத்து நாலு.

"அம்மா, நான் தலை அலங்காரத்துக்குப் போறேன். சாயங்காலம்தான் வருவேன். தாள்ல என்ன இருக்கோ அதை மட்டும் செய்ங்க. போன கிறிஸ்துமஸ் மாதிரி சொந்த மூளையைப் போடாதீங்க."

போன கிறிஸ்துமஸுக்கு நான் கேக்கில் பூண்டு போட்டிருந்தேன். இஞ்சி கேக் என்று சொன்னார்கள். இஞ்சி இருக்கிற இடத்தில் பூண்டு இல்லாமல் எப்படி?

ஆகவே இந்த முறை நானும், என் அண்ணன் மனைவி குருசம்மா மைனியும், உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் என் வீட்டுக்காரர் மிக்கேலும் மூளையைத் தொடுவதில்லை என்று சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தோம்.

நான் தாளை வாசித்தேன். "குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் எடுக்கவும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"குழந்தை?" என்றார் அவர்.

"அது இல்லாம சூடு எப்படித் தெரியும் தம்பி?" என்றாள் மைனி. போய்த் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை அன்று காலையில்தான் குளித்திருந்தது. மறுபடி குளிப்பாட்டினோம். முதல் சட்டிக்கு அழுதது. இரண்டாவது சட்டிக்கும் அழுதது. மூன்றாவது சட்டிக்குச் சிரித்தது. சட்டியில் மிச்சமிருந்த பாதித் தண்ணீரை மாவுக்கு எடுத்துக்கொண்டோம். பிள்ளைக்குத் தும்மல் வந்தது. மைனி துடைத்துக் கொண்டுபோய் விட்டு வந்தாள்.

ஈஸ்ட் போட்டு மாவு பிசைந்தாயிற்று. அடுத்த வரி: "ஈரத்துணி போட்டு மூடி, யாரும் தொந்தரவு செய்யாமல் ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க விடவும்."

மாவுச் சட்டியை எங்கள் கட்டிலில் படுக்க வைத்தோம். மின்விசிறியை இரண்டில் வைத்தோம். ஜன்னலைச் சாத்தினோம். அவர் வாசலில் உட்கார்ந்து மீன்காரி, காய்கறி வண்டி, தபால்காரர் எல்லாரையும் வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

"உள்ள யாருக்கு முடியல?" என்று மீன்காரி கேட்டிருக்கிறாள்.

"மாவுக்கு" என்றிருக்கிறார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினால் மாவு நன்றாக உப்பி, மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. மைனிக்குக் கண் கலங்கிவிட்டது. "பச்சப்பிள்ள கணக்கா இருக்குட்டி அமலி" என்றாள்.

அடுத்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். "மாவை ஓங்கிக் குத்தவும்."

"என்னட்டி சொல்லுத?"

"குத்தணுமாம் மைனி."

"ஒரு மணி நேரம் விசிறி போட்டுத் தூங்க வச்சது குத்துறதுக்கா? என்னால முடியாது. தம்பி குத்தட்டும்."

அவர் எறும்பு கடித்தால்கூட அதைத் தள்ளிவிட்டு விரலைத் தடவிக்கொள்கிற ஆள். கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். மாவு புஸ்ஸென்று அமுங்கியது. "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

பிறகு ரோஜா, சடை, புறா எல்லாம் செய்தோம். செய்தபோது ரோஜா ரோஜாவாகத்தான் இருந்தது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

"ஒரு முட்டையை மேலே தடவவும்" என்றிருந்தது. முட்டையை உடைக்கச் சொல்லவில்லை. ஒரு முட்டையை எடுத்து இருபத்து நாலு பன் மேலும் பதமாக உருட்டித் தடவினேன். எல்லாவற்றுக்கும் தடவிய பிறகும் முட்டை முழுசாக மிச்சமிருந்தது. எவ்வளவு சிக்கனமான பண்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மடத்துச் சிஸ்டர்மாரிடம் இரவல் வாங்கிய பெரிய ஓவன் தயாராக நின்றது. தாளில் அடுத்து இப்படி இருந்தது: "பொன்னிறம் வரும் வரை சுடவும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளவும். பாதியில் தட்டுகளை இடம் மாற்றவும்."

"எந்தப் பொன்னு?" என்றாள் மைனி.

அங்கேதான் எங்களுக்குக் கெட்ட நேரம் பிடித்தது. மைனி தன் வளையலைக் கழற்றினாள். பழைய பொன், சிவப்பாக இருந்தது. என் கம்மல் வெளுத்திருந்தது.

"ரெண்டும் ரெண்டு நிறமால்லா இருக்கு" என்றார் அவர்.

"இது விளையாட்டு இல்ல" என்றாள் மைனி. "சம்மந்தி வீட்டுக்காகச் சுடுதோம். அவங்களுக்குப் போடுற பொன்னு எதுவோ, அதுதான் நிறம்."

இதைவிடச் சரியான பேச்சை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அவர் பீரோவைத் திறந்து, மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரத்தைக் கொண்டுவந்தார். கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றால் ஓவன் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற பன்னோடு நிறம் ஒப்பிட வராது என்று, ஒரு ரோஜாப் பன்னின் நடுவில் மோதிரத்தை நானே வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓவனை மூடினோம். மைனி முன்னால் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பாதியில் நான் தட்டுகளை மேலும் கீழும் மாற்றினேன்.

அரை மணி நேரத்தில் பன்கள் அருமையான பொன்னிறத்துக்கு வந்துவிட்டன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மோதிரத்தைக் காணவில்லை.

"மைனி, மோதிரம் எங்க?"

"உள்ள போயிட்டு. மாவு உப்பி உப்பி அப்படியே முழுங்கிட்டு. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"தாள்ல பார்க்கத்தானட்டி போட்டிருக்கு? சொல்லணும்னு எங்க போட்டிருக்கு?"

"எந்தப் பன்?"

"மேல் தட்டுல மூணாவது. நீ தட்டை மாத்தின பிறகு எனக்குத் தலை சுத்திட்டு."

ரோஜாவில் தேடலாம் என்றால் எது ரோஜா? உப்பிய உப்பில் ரோஜா முட்டைக்கோஸ் ஆகியிருந்தது. சடை அவிழ்ந்திருந்தது. புறாவெல்லாம் தவளையாக உட்கார்ந்திருந்தது. செய்த எனக்கே ஒன்றும் புரியவில்லை.

"எல்லாத்தையும் வெட்டிப் பார்த்திருவோம்" என்று கத்தியை எடுத்தேன். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு தாளின் அடியைக் காட்டினாள். "பன்னில் கத்தி படக் கூடாது. சாப்பிடுகிறவர்தான் கையால் பிய்க்க வேண்டும்."

அவர் தாளை வாங்கி அந்த வரியை வாசித்தார். "அப்ப நான் சாப்பிட்டா நான் பிய்க்கலாம்ல?" என்றார். தாளுக்கு விரோதமில்லாத யோசனை. நான்கு பன் சாப்பிட்டார். ஐந்தாவதைக் கையில் எடுத்தார், முடியவில்லை, திரும்ப வைத்தார். விருந்துக்கு வருவது இருபது பேர். மிச்சமும் இருபது.

பிறகு பழைய ரேடியோவிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். "பொன்னைக் காந்தம் இழுக்காதுன்னு உப்பளத்து மெக்கானிக் சொல்லியிருக்கான். அதனால எந்தப் பன் ஒட்டலையோ அதுலதான் மோதிரம்."

ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். முதல் பன் ஒட்டவில்லை. "இதுதான்!" என்று அதைத் தனியாக எடுத்து வைத்தோம். இரண்டாவதும் ஒட்டவில்லை. இருபதும் ஒட்டவில்லை.

மைனி முழங்காலில் விழுந்துவிட்டாள். "ஒரு மோதிரம் போட்டோம், இருபது ஆயிட்டே! ஆண்டவர் அஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பலுகப் பண்ணின புதுமைல்லா இது!"

எனக்கும் ஒரு நிமிடம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

ஐந்து மணிக்கு லிடியா தலை நிறையப் பூவோடு வந்தாள். "அம்மா, மோதிரம் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"உள்ள."

பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு மணிக்குச் சம்மந்தி வீட்டார் வந்தார்கள். பங்குச் சாமியாரும் வந்தார். ஜெபம் முடித்து, "மோதிரத்தைக் கொண்டு வாங்க, ஆசீர்வதிப்போம்" என்றார். வீடே என்னைப் பார்த்தது. நான் மைனியைப் பார்த்தேன். மைனி தாளைப் பார்த்தாள். தாளில் இதற்கு ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமினார். "சாமி, எங்க வீட்டு முறையில முதல்ல பன். அப்புறம்தான் மோதிரம்."

"அப்படி ஒரு முறை நான் கேள்விப்பட்டதில்லையே."

"ஏழு தலைமுறையா உண்டு சாமி" என்றாள் மைனி. அவள் இந்த வீட்டில் பிறந்தவளே இல்லை.

ஆளுக்கு ஒரு பன்னும் ஸ்டூவும் வைத்தோம். நான் வரிசை வரிசையாகப் போய் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டே நின்றேன். "மெதுவா மெல்லுங்க. முழுங்கிடாதீங்க. மெல்லுங்க."

"முழுங்காம என்ன செய்ய?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

எஸ்தாக்கி பன்னைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இது என்ன, தவளையா?"

"புறா."

"பக்கத்து இலையில இருக்கிறது?"

"அது ரோஜா. இல்ல, அதுவும் புறாதான்."

"ம்" என்றாள். இந்தச் சம்பந்தம் இத்தோடு போயிற்று என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை மட்டும் இன்னும் தொடவில்லை. கப்பல் சமையல்காரர் இல்லையா, பன்னை மோந்தார், அடியில் தட்டிப் பார்த்தார், இரண்டு கையாலும் நடுவில் பதமாகப் பிய்த்தார். நூல் நூலாக மாவு பிரிந்தது. அதன் நடுவில் மோதிரம்.

மாப்பிள்ளை மோதிரத்தைப் பார்த்தார். லிடியா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

எஸ்தாக்கி எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இருபது பன்னு! யாருக்கு எது வைக்கோம்னு தெரியாம வச்சீங்க. சரியா எம் பையன் கைக்கே வந்திருக்கே! இதுல்லா முறை! நாங்களும் இருக்கோமே, வெத்தலைத் தட்டுல மோதிரத்தை வச்சிக்கிட்டு."

எல்லாரும் கைதட்டினார்கள். லிடியா மோதிரத்தைத் துடைத்து மாப்பிள்ளை விரலில் போட்டாள். கொஞ்சம் வெண்ணெய் வாசனை அடித்தது, அவ்வளவுதான்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். போகும்போது எஸ்தாக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சம்மந்தி, கல்யாணத்துக்கு நாங்க கொண்டு வர்ற தாலியும் உங்க முறைப்படியே வரட்டும். முந்தின நாள் காலையில தந்திருதேன். பன்னுக்குள்ள வச்சுச் சுட்டுக் கோயிலுக்குக் கொண்டு வந்திருங்க."

சாமியார் ஏதோ சொல்ல வந்தார். வாயில் பன் இருந்தது.

நாளைக்குக் கல்யாணம். தாலி இன்று காலையில் வந்து சேர்ந்தது. லிடியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், ஏழு தலைமுறை முறையைத் தங்களுக்காக மாற்ற வேண்டாம் என்று எஸ்தாக்கி சொல்லிவிட்டாள். கடைசியில் மகள் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, தயவுசெஞ்சு இந்தத் தடவையாவது மூளையைப் போடுங்க" என்றாள்.

போட்டேன். போன தடவை பட்டது போதும். தாலியில் நீளமாக ஒரு வெள்ளை நூலைக் கட்டினேன். தாலியை மாவுக்குள் வைத்து, நூலின் நுனி மட்டும் பன்னுக்கு வெளியே தொங்கும்படி விட்டேன். நூல் தொங்குகிற பன்னில் தாலி இருக்கிறது. இனி குழப்பமே இல்லை. மைனிகூட என் கன்னத்தைத் தடவி, "உனக்கு ஆறாம் வகுப்பே அதிகம்ட்டி" என்று மெச்சினாள்.

பிறகுதான் எனக்குத் திக்கென்றது. கல்யாண வீடு. ஆயிரம் பேர் வந்து போவார்கள். எவனாவது கள்ளன் உள்ளே வந்தால், நூலைப் பார்த்ததும் தாலி எதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மாட்டானா?

உடனே ஓடிப்போய், மிச்சமிருந்த இருபத்து மூன்று பன்னிலும் அதே நீளத்துக்கு, அதே வெள்ளை நூலை வைத்தேன். ஓவனில் ஏற்றி, தட்டுகளையும் மறக்காமல் மாற்றி, பொன்னிறமாகச் சுட்டு இறக்கிவிட்டேன். இப்போதுதான் மனசு அமைதியாக இருக்கிறது.

அவர் வந்து வரிசையாகத் தொங்குகிற நூல்களைப் பார்த்துவிட்டு, "இதுல தாலி எது?" என்று கேட்கிறார்.

கள்ளனுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?