பிளாஸ்க்குக்குப் போர்த்திய பொன்னாடை

ஒரு கல்யாண மண்டபத்தின் பாத்திர அறையில் ஒரு பிளாஸ்க் வாழ்ந்து வந்தது. எதிரே நிற்பவர் முகம் தெரியும் எவர்சில்வர் உடம்பு, இறுக்கமான மூடி. பார்த்தவர்கள் கண் வைப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. உள்ளே இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாது. என்றைக்கோ இடிபட்டதில் அங்கே கொஞ்சம் காற்று புகுந்துவிட்டது. இல்லாமல் இருக்க வேண்டியது இருந்தது. இப்படிப்பட்ட குறையை யாரிடம் காட்டுவது? குலுக்கிப் பார்த்தாலும் சத்தம் வராது. ஊற்றிய காப்பி மட்டும் சீக்கிரம் ஆறிப்போகும்.

அறைக்குத் தலைவர் அண்டா. செயலாளர் வெள்ளிக் கூஜா. சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டுமே வெளியே வரும் கனவான். 'எல்லோருக்கும் இடம்' என்று இருவரும் ஒரு குழு அமைத்தார்கள். குறையுள்ள பாத்திரங்களுக்காகப் பேச நல்ல தோற்றமுள்ள ஒருவர் வேண்டுமென்று பிளாஸ்க்கை நியமித்தார்கள்.

பிளாஸ்க் உழைத்தது. நிற்க முடியாமல் உருண்டு அவமானப்பட்ட பானைக்கு வைக்கோல் பிரிமணை வாங்கித் தந்தது. காது போன வாணலிக்குக் கிடுக்கி, மூடி தொலைத்த தவலைக்கு ஒரு தட்டு. பக்கத்து மண்டபங்களிலிருந்தெல்லாம் பேசக் கூப்பிட்டார்கள். "குறையுள்ளவங்க மனசு உங்களுக்கு எப்படித்தான் புரியுதோ!" என்று கரண்டிகள் உருகின. பிளாஸ்க் சிரித்துச் சமாளித்தது.

போன முகூர்த்தத்தில் சம்பந்திகளின் காப்பி ஆறிப்போனது. இன்னொரு தடவை ஆறினால் காயலான் கடைதான் என்று சமையல்காரர் திருவேங்கடம் சொல்லிவிட்டார். பிளாஸ்க் வேறு வழியில்லாமல் அண்டாவின் முன்னால் போய் நின்றது.

"ஐயா, நாளைக்குக் காப்பி ஊற்றியதும் என்மேல் ஒரு துண்டைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். அது போதும்."

"துண்டா? உனக்கு எதுக்குப்பா?"

"உள்ளே காற்று புகுந்திருக்கிறது. சூடு நிற்பதில்லை."

அண்டா அதை மேலும் கீழும் பார்த்தது. "காத்துதானே? எனக்குள்ளே எவ்வளவு காத்து இருக்கு, பாரு. நான் துண்டு கேட்டேனா?"

"பார்த்தா அப்படித் தெரியலையே, தம்பி" என்றது கூஜா. "ஒரு நசுங்கலாவது உண்டா? கொஞ்சம் மனசு வெச்சா சூடு தானா நிக்கும்."

மூலையிலிருந்து வாணலி சிரித்தது. "இத்தனை நாள் எங்களைக் காட்டிப் பேர் வாங்கினே. இப்போ எங்க வரிசையிலயும் துண்டு போடப் பார்க்கிறியா? காது போன வலி உனக்கு என்னடா தெரியும்?"

கிடுக்கி யார் வாங்கித் தந்தது என்று கேட்க பிளாஸ்க்குக்கு வாய் வரை வந்தது. மூடியை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"விதிப்படி துண்டுக்கு வழியில்லை" என்று அண்டா முடித்தது. "ஆனா உன் சேவையை மறந்துட மாட்டோம். நாளைக் காலையிலே உனக்குப் பாராட்டு விழா."

விடிந்தது. காப்பி நிரம்பிய பிளாஸ்க்கை நடுவில் நிறுத்தினார்கள். அண்டா நீளமாகப் பேசியது. "எந்தக் குறையும் இல்லாத ஒருவர், குறையுள்ளவர்களுக்காக..." என்று அது உருக உருக, உள்ளே சூடு இறங்கிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பேச்சு முடிந்து, கூஜா பட்டுப் பொன்னாடையைக் கொண்டுவந்து பிளாஸ்க்கைச் சுற்றிப் போர்த்தியது.

இறங்கிய சூடு அங்கேயே நின்றது.

கைதட்டல் ஓய்ந்ததும் கூஜா வழக்கம்போலப் பொன்னாடையைக் கழற்றி மடிக்க வந்தது. அறைக்கே அது ஒன்றுதான். எல்லோருக்கும் அதையே போர்த்தி, அதையே கழற்றுவார்கள்.

"ஒரு யோசனை" என்றது பிளாஸ்க், மிகுந்த பணிவோடு. "சம்பந்தி வீட்டார் இப்போது காப்பி குடிக்க வருவார்கள். நம் குழுவின் பெருந்தன்மை அவர்கள் கண்ணிலும் பட வேண்டாமா?"

அண்டா பூரித்துப் போனது. "இருக்கட்டும், இருக்கட்டும்! கூஜா, நல்லாத் தெரியற மாதிரி கழுத்து வரைக்கும் சுத்தி விடு!"

மாப்பிள்ளையின் மாமா முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டு, "காப்பின்னா இது காப்பி!" என்றார். காயலான் கடைப் பேச்சு அத்துடன் அடங்கியது.

பிறகு பிளாஸ்க் துண்டு கேட்கவே இல்லை. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பாராட்டு விழாதான் கேட்கிறது. புகழுக்கு அலைகிறான் என்று வாணலி முணுமுணுக்கும். குழுவோ இதுவரை ஒரு விழாவைக்கூட மறுத்ததில்லை.