தீர்மானப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கம்

மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தியான சங்கத்துக்குச் சாமிதான் தலைவர். செயலாளர் அம்மையப்பன். சாமியைவிடப் பதினோரு வயது மூத்தவர், இருந்தும் அவருடைய சீடர்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்து மணி பஸ்ஸில் வருவதாக மாயழகு பதிவுத் தபால் போட்டிருந்தான். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை அவன் பார்க்க வேண்டுமாம். உறுப்பினர் கேட்டால் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். மூன்று நாளாக அம்மையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆண்டறிக்கையை அவர் எழுத்துக் கூட்டி வாசித்தபோது, "விடியறதுக்குள்ள முடிச்சிருவாரா?" என்று கேட்டவன் இந்த மாயழகு. சபையே சிரித்தது. சிரித்தவர்களை அம்மையப்பன் மறந்துவிட்டார். கேட்டவனை மறக்கவில்லை. நான்கு வருஷம் பொறுத்திருந்தார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொதுக்குழு முடிந்து சாப்பிட்டதும் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அதனால் புத்தகத்தில் இரண்டு மூன்று வெற்றுப் பக்கங்களின் அடியில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேலே எழுதுவது செயலாளர் பாடு. அப்படி மிஞ்சிய ஒரு பக்கத்தில், ஆனி மாதம் கூட்டம் கூடி மாயழகுவை நீக்கியதாக அம்மையப்பன் எழுதினார். கூட்டமே கூடவில்லை. எழுதி முடித்த பிறகுதான் மூன்றாவது கையெழுத்து கண்ணில் பட்டது. அது உறுப்பினர் வீரணனுடையது. வீரணன் பங்குனியிலேயே செத்துப்போயிருந்தார்.

சாமி சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாகச் சொல்லிவிடலாமா என்று அம்மையப்பன் கேட்டார். சாமி அடுத்த கொத்தை எடுத்தார்.

"அவன் இப்ப உறுப்பினரே இல்லையே சாமி. நீக்கியாச்சு. அவனுக்கு எதுக்குக் காட்டணும்?"

"நீக்கினது எதுல இருக்கு?"

"தீர்மானப் புத்தகத்துல."

"அதைத்தானே அவர் கேக்கிறார்."

 அம்மையப்பன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சாமி புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைப் பார்த்தார்.

"முதல் கையெழுத்து என்னுது. வெறும் தாள்ல நானும்தான் போட்டிருக்கேன்," என்றார். பிறகு பேனா கேட்டார்.

ஒரே ஒரு தாள்தான், கிழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அம்மையப்பனுக்கு நெஞ்சில் ஒரு ஆசை எழுந்தது. சாமி கிழிக்கவில்லை. முதல் பக்கத்தின் மூலையில் ஒன்று என்று போட்டார். அடுத்ததில் இரண்டு. பிறகு மூன்று. அவசரமே இல்லை. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. நாற்பத்தாறு வரை போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"அடுத்தது உங்க பக்கம், செயலாளரே. நம்பரை நீங்களே போடுங்க."

அம்மையப்பன் நாற்பத்தேழு என்று எழுதினார். மிச்சப் பக்கங்களுக்கும் சாமி அவரையே போடச் சொன்னார். இனி ஒரு தாள் போனாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். அவர் போட்டு முடிக்கும்போது, வாசலில் மாயழகு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அம்மையப்பன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வீரணனே எந்திரிச்சு வந்து கேட்டாக்கூட அவர் கால்ல விழுந்துருவேன் சாமி. போயும் போயும் இவன்கிட்டயா?"

சாமி கீரைக்காம்புகளை ஒதுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"வீரணன் வர முடியாதே. தன் கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு அவருக்காக யாராவது ஒருத்தர் வந்து பார்க்கணும்ல?"