தராசில் உட்கார்ந்த நாலு பேர்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் கூட்டிச் சொல்லிவிட்டால் மறுபக்கமும் கூட்டிச் சொல்ல வேண்டிவரும்.

ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் நாங்கள் நாலு பேர். சமுதாயக் கல்லூரியில் அடிப்படை இயற்கணிதம் படித்துத் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்கால வகுப்பு. இடது பெஞ்சில் செண்பகவல்லியும் கதீஜா அக்காவும். வலது பெஞ்சில் வெள்ளைச்சாமி அண்ணனும் நானும்.

ஷோபனா டீச்சர் முதல் நாளே பலகையில் சமக்குறி போட்டுச் சொன்னார்: "சமன்பாடு ஒரு தராசு. இந்தப் பக்கம் எதைச் செஞ்சாலும் அந்தப் பக்கமும் அதையே செய்யணும். இல்லேன்னா எல்லாமே தப்பாயிடும்."

நாங்கள் அதை மறக்கவேயில்லை. செண்பகவல்லி தண்ணீர் குடிக்க எழுந்தால் நான் தாகமில்லாமலே எழுந்து குடித்தேன். கதீஜா அக்கா தும்மினால் அண்ணன் மூக்கில் நூலை விட்டாவது தும்மிவிடுவார். ஒரு நாள் செண்பகவல்லியின் தூக்கு சாய்ந்து பெஞ்செல்லாம் ரசம். எங்களிடம் ரசம் இல்லை. வெகுநேரம் கலந்து பேசி, சாம்பாரை ஊற்றினால் செல்லுமா என்று கேட்டோம். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பெஞ்சிலும் நாங்களும் அப்படியே கை வைத்துக்கொண்டோம்.

பரீட்சையன்று கதீஜா அக்காவுக்குக் காய்ச்சல். அவருக்கு இன்னொரு நாள் தனியாகப் பரீட்சை வைத்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். வெள்ளைச்சாமி அண்ணன் இரண்டு பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க ஒராளைக் கழிச்சாச்சு. இங்கயும் ஒராளைக் கழிக்கணும்."

"நீங்களே கழிஞ்சுக்கோங்கண்ணே," என்றேன்.

"வேலையில்லாம வீட்டுக்குப் போனா என் சம்சாரம் என்னை மொத்தமாக் கழிச்சிருவா."

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்றாள் செண்பகவல்லி, பெஞ்சை இறுகப் பிடித்தபடி. "என் பக்கம் மேல ஏறிக்கிட்டே போவுது. தலை சுத்துது."

டீச்சர் பேசாமல் எழுதுங்கள் என்று கெஞ்சினார். கோணல் தராசில் சரியான விடை எப்படி வரும்? எழுந்து போனால் என் வேலை போகும். உட்கார்ந்திருந்தால் எல்லோருடைய வேலையும் போகும். அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். சமக்குறி எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிம்மதியாகப் படுத்திருந்தது.

பரீட்சை அட்டையோடு போய், அந்தப் பெஞ்சுக்குத் தலையும் இந்தப் பெஞ்சுக்குக் காலுமாகத் தரையில் படுத்துக்கொண்டேன்.

"சமக்குறிக்கு ரெண்டு கோடுல்ல?" என்றார் அண்ணன்.

என் குடையை எடுத்துப் பக்கத்தில் கிடத்தினேன். என் கால் கோணலாக இருப்பதாகச் சொன்னார். நேராக்கிக்கொண்டேன்.

டீச்சர் குனிந்து எனக்கு ஒரு வினாத்தாள் கொடுத்தார். குடைக்கும் ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் எழுதத் தொடங்கினேன்.