விருப்பப் பாடம்

சிஸ்டர் தெக்லாவிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும் என்று அந்தப் பெண்கள் கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. ஜெசிந்தாவுக்கு அது தெரியாது. அவள் அன்றைக்குத்தான் உள்ளே வந்திருந்தாள்.

முதலாமாண்டு மாணவி, வயது இருபத்தொன்பது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம், அப்புறம் ஒரு பெண் குழந்தை. குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போன அதே ஜூன் மாதத்தில் அம்மா கல்லூரிக்கு வந்தாள். லால்குடியில் சொந்தக்காரர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பிள்ளைக்கு டிபன் கட்டுற கையோட தனக்கும் ஒண்ணு கட்டிக்கிறா பாரு."

கட்டிக்கொண்டுதான் வந்தாள். லெமன் சாதம். பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், சின்ன வயதில் செய்ததுபோல.

முதல் பருவத்துப் பாடங்களில் தமிழ், ஆங்கிலம், அவள் சேர்ந்திருந்த வரலாறு எல்லாம் கல்லூரியே தீர்மானித்துவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் மாணவியின் இஷ்டம். அதற்கு விருப்பப் பாடம் என்று பெயர். பதினாறு பாடங்கள்; அவற்றில் ஒன்று. சாயங்கால மணி அடிப்பதற்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை கொடுத்தால் மாற்ற முடியாது.

வேப்பமரத்தடியில் துறைதுறையாக மேசை போட்டுக் கடை விரித்திருந்தார்கள். திருவிழாவில் கை நழுவிய பிள்ளைபோல ஜெசிந்தா சுற்றினாள். நாடகத் துறை மேசையில் ஒரு முகமூடியை மாட்டிப் பார்த்தாள். இசைத் துறையில் சுருதிப்பெட்டியை அழுத்தினாள். நிலவியல் மேசையில் ஒரு கல்லைக் கையில் கொடுத்தார்கள். நத்தைபோலச் சுருண்ட கல். பின்னால் நின்ற பெண், "அக்கா, கொஞ்சம் நகருங்களேன்" என்றாள். அவள் அதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒவ்வொரு புது மாணவிக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. ஜெசிந்தாவுக்கு வாய்த்தவர் சிஸ்டர் தெக்லா. விருப்பப் பாடங்களுக்கெல்லாம் பொறுப்பும் அவர்தான். தாழ்வாரத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வயதில் ஜெசிந்தாவுக்குத் தங்கை முறை ஆவார்.

"சிஸ்டர், எனக்கு எல்லாமே வேணும்போல இருக்கு."

"எல்லாம்னா?"

"பதினாறும்."

"கிடைக்கிறது ஒண்ணு."

"அதான் சிஸ்டர் பயமா இருக்கு. ஒண்ணை எடுத்தா பதினஞ்சு போயிடுதே! எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற டாலி படிக்கச் சொல்றார், கடைக்கு ஆகும்னு. அவர் சொல்றதும் நியாயம்தான். எனக்கு இந்த ஒரு தடவைதான் வாசல் திறந்திருக்கு. தப்பா எடுத்துட்டேன்னா? நீங்களே சொல்லிடுங்க. நான் எதை எடுக்கட்டும்?"

சிஸ்டர் எழுந்தார். "இங்க வந்து உட்காருங்க."

"நானா?"

"பிரின்சிபால் மதரைப் பார்த்துட்டு வந்துடறேன். பிள்ளைங்க வந்து எதை எடுக்கலாம்னு கேட்பாங்க. சொல்லி அனுப்புங்க. அவங்க மேசையில போய்ப் பேர் குடுத்துக்குவாங்க."

"எனக்கே தெரியலையே சிஸ்டர்!"

"உங்களுக்கு எதுன்னுதானே தெரியல."

போய்விட்டார்.

சுடிதார்க் கூட்டத்துக்கு நடுவே ஜெசிந்தா ஒருத்திதான் சேலை. அதுவும் கஞ்சி போட்ட காட்டன் சேலை. மேசைக்குப் பின்னால் வேறு உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்த பெண் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் வைத்து நின்றாள்.

"குட் மார்னிங் மிஸ்."

மிஸ்! ஜெசிந்தாவுக்குக் காது சூடாகிவிட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் ஆரம்பித்துவிட்டாள். பெயர் பொற்கொடி. துறையூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம்.

"எதை எடுக்கிறதுன்னு குழப்பமா இருக்கு மிஸ்."

ஜெசிந்தா நியாயமாகத்தான் தொடங்கினாள். நாடகம் நல்லது, கூச்சம் போகும். டாலி நல்லது, வேலைக்கு ஆகும். இசையும் நல்லதுதான். பொற்கொடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"உங்க ஊர்ல தண்ணி எப்படி?" ஜெசிந்தாவுக்கே தெரியாமல் கேள்வி வந்து விழுந்தது.

"ஏன் மிஸ் கேக்குறீங்க? தேங்காயைக் கையில வெச்சுப் பார்க்கிறவர் வந்தார். இந்த இடத்துல நிமிருது, இங்க போர் போடுங்கன்னார். போட்டோம். புழுதிதான் வந்துச்சு. தேங்காயை மட்டும் அவர் மறக்காம எடுத்துட்டுப் போயிட்டார்."

இருவரும் சிரித்தார்கள்.

"அப்ப நிலவியல் எடும்மா. கல்லு, மண்ணு, மலை இதையெல்லாம் படிக்கிற படிப்பு. எந்தப் பாறைக்கடியில தண்ணி ஓடும், எதுல ஓடாதுன்னு தெரிஞ்சுக்கலாம். அடுத்த தடவை தேங்காயைச் சட்னிக்கு வெச்சுக்கலாம்."

பொற்கொடி மேசையை நோக்கி ஓடினாள்.

அடுத்து ஓர் அப்பா, மகளோடு. பெரம்பலூர்க்காரர். ஓட்டலில் சாப்பாடு சொல்வதுபோல நின்றபடியே சொன்னார்:

"மேடம், எம்பொண்ணு மதிவதனி. வாயே திறக்க மாட்டா. ஏதாவது நல்லதா பார்த்து நீங்களே போட்டு விட்ருங்க."

"பெரம்பலூரா சார் நீங்க? பக்கத்துல அரியலூர்ல ஒரு காலத்துல கடல் இருந்துச்சு, தெரியுமா?"

"கடலா?"

"கடல்தான். இன்னிக்கும் அங்க தோண்டினா சங்கும் சிப்பியும் கல்லா மாறிக் கிடக்குதாம். கையில வெச்சா ஜில்லுன்னு இருக்கு சார்! நாம மண்ணுன்னு நெனச்சு மிதிக்கிறோம், அது ஒரு காலத்துல அலையடிச்ச இடம். நிலவியல் எடுத்தா மலை, பாறைன்னு போய் இதையெல்லாம் நேர்லயே பார்க்கலாம்."

அப்பா தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். முதல்முறையாக மகளின் குரல் கேட்டது.

"மலை ஏறணுமா மேடம்?"

"சனிக்கிழமை சனிக்கிழமை. கையில சுத்தியலோட."

"அப்பா, எனக்கு இதான்."

"ஏண்டி, மாடியில துணி காயப்போடச் சொன்னா மூச்சு வாங்குதும்ப!"

"அது துணிப்பா. இது மலை."

அதற்கப்புறம் ஜெசிந்தாவைப் பிடிக்க முடியவில்லை. பூச்சி தவளை என்றால் பயப்படுகிற பெண்ணுக்கு, கல் துள்ளாது என்றாள். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயமான பெண்ணுக்கு, எண்ணெய்க் கிணறெல்லாம் இந்தப் படிப்பை வைத்துத்தான் தோண்டுகிறார்கள், நீயும் அவரோடு வேலைக்குப் போ என்றாள். பத்து கிலோ குறைய வேண்டும் என்றவளுக்கு யோசிக்காமலே மலையைக் காட்டினாள். "இமயமலையைவிட நம்ம மலைக்கோட்டை வயசுல மூத்ததும்மா!" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. கேட்கிறவள் வரலாறா, வணிகவியலா, எதையும் அவள் பார்க்கவில்லை. லெமன் சாதம் பைக்குள்ளேயே இருந்தது. வரிசை வளர்ந்தது. தாழ்வாரத்தில் ஒரு மேடம் உட்கார்ந்திருக்கிறார், செமையாகப் பேசுகிறார் என்று செய்தி பரவி, ஏற்கெனவே முடிவுசெய்திருந்தவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

கடைசியில் வந்தவள் முபீனா. பாலக்கரைப் பெண். கைகளைக் கட்டிக்கொண்டு, முன்னால் போனவர்களுக்கு ஜெசிந்தா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள்.

"மிஸ், நான் குரூப் ஒன் எழுதப்போறேன். எனக்கு எது?"

"கனிமவளத் துறைன்னு ஒரு துறையே இருக்கே! நிலவியல் படிச்சா..."

"நெனச்சேன்." முபீனா சிரித்தாள். "அவளுக்கும் அதான், இவளுக்கும் அதான், எனக்கும் அதான். உங்களுக்குக் கமிஷன் ஏதும் உண்டா மிஸ்?"

வேடிக்கை பார்த்து நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லம்மா, அது நல்ல..."

"நீங்க அந்த வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்ப படிச்சிருக்கீங்க?"

ஜெசிந்தா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நானும் ஃபர்ஸ்ட் இயர்தான்மா. இன்னிக்குத்தான் வந்தேன்."

முபீனா கட்டியிருந்த கைகளை எடுத்தாள்.

"யா அல்லாஹ்! அக்காவா நீங்க! அப்ப இவ்வளவு நேரம் விட்டதெல்லாம் ரீலா?"

"ரீல் இல்ல! எல்லாம் உண்மை. காலையில அந்த மேசையில சொன்னாங்க. ஒண்ணு விடாம கேட்டேன்."

"சரி, நீங்க எதுல பேர் குடுத்திருக்கீங்க?"

"இன்னும் குடுக்கல. டாலின்னு..."

அவ்வளவுதான். முபீனா மேசையில் கையூன்றிக் குனிந்து சிரித்தாள்; கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எங்களுக்கு மலை, உங்களுக்கு டாலியா? நல்ல நியாயம்க்கா!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நான் இதைத்தான் எடுக்கப்போறேன். நீங்க சொன்ன விதம் அப்படி."

அவள் போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

ஜெசிந்தா உட்கார்ந்தே இருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம்தான் என்று முதலில் நினைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது வருகிற பயம் அவளுக்குத் தெரியும். கரண்ட் பில் மறந்த பயம் தெரியும். இது அதுவெல்லாம் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ராட்டினம் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அப்போது வந்தது இது.

எழுந்தாள். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

நிலவியல் மேசையில் இருந்த ஆசிரியை வெயிலிலும் முகம் மலர உட்கார்ந்திருந்தார்.

"மேடம், என் பேரும் எழுதிக்கங்க."

"அடடா, நிறைஞ்சிடுச்சேம்மா! முப்பது பேருக்குத்தான் இடம். வருஷா வருஷம் அஞ்சு பேர் வந்தாலே பெரிசு. இன்னிக்கு என்ன மாயமோ தெரியல, தாழ்வாரத்துல யாரோ ஒரு அம்மா உட்கார்ந்துக்கிட்டு எல்லாரையும் இங்கேயே அனுப்புறாங்களாம். இப்பத்தான் கடைசி இடம் போச்சு. முபீனான்னு ஒரு பொண்ணு."

ஜெசிந்தா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. திரும்பி ஓடினாள். சிஸ்டர் தெக்லா மேசைக்கு வந்திருந்தார்.

"சிஸ்டர், எனக்கு நிலவியல் வேணும்."

"நிறைஞ்சிடுச்சுன்னு சொன்னாங்களே."

"தெரியும். நான்தான் நிரப்பினேன்."

"வேற பதினஞ்சு இருக்கு."

"வேண்டாம்."

"டாலியில இடம் இருக்கு."

"இருக்கட்டும். அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"சனிக்கிழமை வரணும். பிள்ளை?"

"அவங்கப்பா பார்த்துக்கட்டும். ஒரு நாள் அவர் தலை பின்னி விட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாது."

"தப்பா எடுத்துட்டா?"

"தப்பாவே இருக்கட்டும் சிஸ்டர்! உட்கார இடம் இல்லாட்டி நின்னுட்டுக் கேக்கறேன்." குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. இவ்வளவு சத்தமாக அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

சிஸ்டர் பேனாவைத் திறந்து ஒரு துண்டுத் தாளில் அவள் பெயரை எழுதினார்.

"முப்பதுக்கு மேல ஒரு ஆளைச் சேர்க்கணும்னா மதர் சம்மதிக்கணும். மதர் காரணம் கேட்பாங்க. என்ன சொல்ல?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். தண்ணீர் வராத போர், அது பொற்கொடியுடையது. கனிமவளத் துறை முபீனாவுடையது. எண்ணெய்க் கிணறு, பத்து கிலோ, துள்ளாத கல் எல்லாவற்றையும் காலையிலிருந்து ஒவ்வொருத்திக்காக எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. தனக்கென்று தேடிப் பார்த்தாள். கடைக்கு ஆகுமா? ஆகாது. வேலை? தெரியாது. மார்க்? அதுவும் தெரியாது.

மணி அடித்தது.

"காரணம்..." அவள் குரல் இறங்கியது. "ஒண்ணுமே இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் தெக்லா தாளை எடுத்துக்கொண்டு மதரின் அறையை நோக்கி நடந்தார். ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே போனாள்.

"மதர்கிட்ட என்ன சிஸ்டர் சொல்லப்போறீங்க?"

"காரணம் இருக்கிறவங்க முப்பது பேரும் வந்தாச்சு மதர், காரணமே இல்லாம ஒருத்தங்க ஓடி வந்திருக்காங்க, விட்டுடாதீங்கன்னு சொல்லப்போறேன்."