மேற்கே சாய்ந்த கூண்டுக் கம்பம்

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். விடை முழுவதும் கதைக்குள்ளேயே கிடக்கிறது. தேடி எடுப்பது உங்கள் சாமர்த்தியம்.

கூத்தன்முனை என்றொரு கடற்கரை ஊர். ஊருக்குக் கிழக்கே கடல். படகுகளில் வயர்லெஸ் வராத காலம் அது. கரையில் இரண்டு பனை உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம் நின்றது. புயல் வருகிறதென்றால் அதன் உச்சிக்கு எச்சரிக்கைக் கூண்டை ஏற்றுவார்கள். கடலில் இருக்கிறவர்கள் லேசில் அசைகிற ஆட்கள் அல்லர். காற்று ஏறினால் ஏறட்டும் என்று வலையோடு கிடப்பார்கள். கூண்டைக் கண்ணால் கண்டால் மட்டுமே வலையை அறுத்துவிட்டுக் கரைக்கு ஓடி வருவார்கள். பெண்டாட்டி நகையை விற்று வாங்கிய வலையை வேறெதற்காக அறுப்பான் ஒருவன்?

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகையில் கம்பத்தின் அடியில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் படகில் போட்டுக்கொள்வார்கள். கம்பத்தைத் தாண்டிப் போய்க் கடலுக்கு முதுகு காட்டி நின்று அள்ளுவது ஆகாது. ஆகவே இத்தனை வருடமும் அள்ளியதெல்லாம் ஊர்ப்பக்கத்து மண். குழி விழுந்தால் பெண்கள் கூடையில் கடல்மணல் கொண்டுவந்து கொட்டி நிரவிவிடுவார்கள். பார்வைக்குத் தரை சமமாகவே இருக்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இந்தக் கம்பம் ஆழம் தெரிந்தே காலை விட்டிருந்தது. அதன் கான்கிரீட் அடித்தூண் மணலைக் கடந்து களிமண்ணில் இறங்கியிருந்தது. துறைமுகத்தின் உதவிப் பொறியாளர் ரெஜினா அந்த ஊர்ப் பெண்தான். போன ஆடியில் விசைப்படகு ஒன்றில் வடம் கட்டிக் கம்பத்தைக் கடல் பக்கம் இழுக்கவைத்துச் சோதித்தாள். கம்பம் இம்மியும் அசையவில்லை. வருடா வருடம் அடிக்கும் கச்சான் காற்றும் கரையிலிருந்து கடலை நோக்கித்தான் தள்ளும். அதனால் அவளும் நிம்மதியாக இருந்தாள், ஊரும் நிம்மதியாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு மதியம் புயல் எச்சரிக்கை தந்தியில் வந்தது. படகுகள் எல்லாம் கடலில். ரெஜினாவின் தம்பி அலோசியஸும் அங்கேதான் இருந்தான். இந்த முறை காற்று கிழக்கிலிருந்து வந்தது. கூண்டு பாதி உயரம் ஏறுவதற்குள் கம்பம் ஊர்ப்பக்கம் சாய்ந்தது. அதன் கிழக்கு அடியில், கை நுழையும் அளவுக்கு மண்ணுக்கும் தூணுக்கும் நடுவே இடுக்கு விழுந்தது. அவசரமாகக் கூண்டை இறக்கினார்கள். கம்பம் கொஞ்சம் நிமிர்ந்ததே தவிர, நேராகவில்லை.

ஏற்றினால் கம்பம் விழும். ஏற்றாவிட்டால் படகுகள் திரும்பா. கிழக்கே வடம் கட்டி இழுத்து நிறுத்தலாமென்றால் அங்கே அலைதான் புரள்கிறது. இழுக்கப் படகும் கரையில் இல்லை. சாலை வேலைக்கென்று ஒரு வண்டி ஜல்லி மட்டும் கிடந்தது. அது ஓரிடத்துக்குத்தான் காணும்.

படகுச் சங்கத் தலைவர் பெர்க்மான்ஸ் அடித்தூணின் தலையில் கட்டியிருந்த அடிமேடையைக் காட்டினார். அவருடைய மகன்கள் இருவரும் கடலில் இருந்தார்கள்.

“எம்மா ரெஜினா, அத்தனையும் இந்த மேடை மேல ஏத்து. கனம் கூடுனா எங்கிட்டும் அசையாது.”

ஓவர்சியர் ஞானதிரவியம் மறுத்துத் தலையை ஆட்டினார். அவர் கடலோரத்தவர் அல்லர், உள்நாட்டு ஊர்க்காரர்; கடலில் அவருக்கென்று ஒருவரும் இல்லை.

“இடுக்கு கெழக்கேல்லா விழுந்திருக்கு மேடம். காத்தும் அங்கன இருந்துதான் வருது. ஓட்டை இருக்க இடத்தத்தான அடைக்கணும்?”

ஆடியில் எந்தப் பக்கம் இழுத்தோம் என்பது அப்போதுதான் ரெஜினாவின் நெஞ்சில் குத்தியது. தன்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பெர்க்மான்ஸ் பக்கம் திரும்பினாள்.

“மேக்க கொட்டணும் மாமா. ஊர்ப்பக்கத்து மணலுக்குள்ள ஜல்லியப் போட்டு, திமிசுக் கட்டையால இடிச்சு இறுக்கணும்.”

“மேக்கயா? விழுந்தா அந்தப் பக்கந்தான விழும்? அதுக்கு அடியில யார நிக்கச் சொல்லுத?”

தன் தம்பிக்காக அடுத்த வீட்டு ஆளைச் சாவுக்கு அடியில் நிறுத்துகிறோமோ என்று ரெஜினாவுக்குக் கூச்சமாக இருந்தது. வானம் ஈயமாய்க் கருத்துக்கொண்டு வந்தது. கம்பம் ஒவ்வொரு வீச்சுக்கும் முனகியது.

இப்போது சொல்லுங்கள். கனத்தை மேலே ஏற்று என்றார் ஒருவர். கிழக்கு இடுக்கை அடை என்றார் ஒருவர். மேற்கு மணலை இடித்து இறுக்கு என்றாள் ஒருத்தி. இருக்கும் ஒரு வண்டி ஜல்லியைக் கொண்டு கம்பத்தைக் காக்க, இதில் யார் சொன்னது சரி?

விடை: ரெஜினா சொன்னதே சரி. மேலிருந்து அமுக்கும் பாரத்தை அடித்தூணின் ஆழம் தாங்கும். பக்கவாட்டில் தள்ளும் காற்றுக்கோ, தூண் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து மேல்மண்தான் முதலில் முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த மண்ணைத்தான் ஊர் பிடி பிடியாக அள்ளிவிட்டு உதிரி மணலால் நிரப்பியிருந்தது. ஆடியில் கடல் பக்கம் இழுத்த சோதனை இந்தப் பக்கத்து மண்ணைச் சோதிக்கவே இல்லை. கிழக்கு இடுக்கு, தூண் விலகிப் போனதன் அடையாளம். அதை அடைத்தால் தூண் நிமிரவும் வழியிருக்காது. அடிமேடையில் ஏற்றும் கனமோ உதிரி மணலை இறுக்காது. ஜல்லியை மேற்கே கொட்டினார்கள். திமிசை முதலில் கையில் எடுத்தவர் ஞானதிரவியம். கூண்டு உச்சிக்கு ஏறியது, படகுகள் வலையை அறுத்துத் திரும்பின. ஒவ்வொரு வீச்சுக்கும் ஜல்லி நெகிழ்ந்தது. நெகிழ்ந்ததை விடாமல் இடிக்க ஆள் வேண்டியிருந்தது. ரெஜினா போதும் என்று கூப்பிட்டபோதெல்லாம், இன்னும் ஒரு படகு வரவேண்டும் என்றார் அவர். கடைசிப் படகு, அலோசியஸுடையது, கரை தட்டிய பிறகுதான் கம்பம் மேற்கே, திமிசோடு அவர் நின்ற பக்கமே சாய்ந்து விழுந்தது. ஞானதிரவியத்தின் வீட்டுக்குச் செய்தி சொல்ல ரெஜினாதான் போனாள்.