காற்று என்று செதுக்கிய கல்

கப்பலுக்குப் பாயும் துடுப்பும் தவிர வேறொன்றும் தெரியாத காலத்தில், யவன தேசத்துத் தீவு ஒன்றில் மெலாந்தர் என்றொரு வைத்தியர் இருந்தார். சும்மா வைத்தியர் இல்லை. உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று திறந்தே பார்த்தவர். செத்த ஆட்டை அறுத்தார், செத்த பன்றியை அறுத்தார், செத்த குரங்கையும் விடவில்லை.

மூன்றிலும் ஒன்றையே கண்டார். மணிக்கட்டில் துடிக்கிறதே, அந்த மாதிரித் துடிக்கும் குழாய்கள் எல்லாம் காலியாக இருந்தன. துடிக்காத குழாய்களில் மட்டும் ரத்தம் உறைந்து கிடந்தது. "துடிக்கும் குழாயில் ஓடுவது உயிர்க்காற்று. அதைக் கட்டாதே" என்று நூலில் எழுதிவைத்தார்.

ராஜா மகிழ்ந்துபோய், அதை மருத்துவச் சாலை வாசலில் கல்லில் வெட்டச் சொன்னான். அந்தத் தீவில் ஒரு சட்டம் உண்டு. ராஜா வெட்டச் சொன்னதை அழிப்பவன் நாட்டை விட்டே போகவேண்டும்.

ஒருத்திக்கு மட்டும் அது ஒப்பவில்லை. அவள் சந்தையில் ஆடு அறுத்து விற்கும் தோரிஸ்.

"ஐயா, நான் அறுக்கிறப்ப துடிக்கிற குழாயிலிருந்துதான் ரத்தம் பீய்ச்சி அடிக்குது" என்று வைத்தியரிடம் சொன்னாள்.

"காற்று வெளியேறியதும் பக்கத்துக் குழாயின் ரத்தம் அதற்குள் தாவும்" என்றார். படித்தவர் அல்லவா, பதில் கைவசம் இருந்தது.

இரண்டாம் முறை சொன்னாள். "உன் கண்ணை நம்பாதே" என்றார். மூன்றாம் முறை சொன்னாள். "என் நூலைப் படித்தாயா?" என்றார்.

"படிக்கத் தெரியாதுங்க. அறுக்கத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போனாள்.

பெரியவர்களே, பிள்ளைகளே, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டுவது சுலபமில்லை.

கல்தச்சன் எர்மோன் கடைசி எழுத்தை வெட்டி முடித்த அன்று, ஊரே வாசலில் கூடியிருந்தது. ராஜாவும் வந்திருந்தான், கூட்டத்தில் தோரிஸும் நின்றாள். எர்மோன் இறங்கும்போது சாரம் சரிந்தது. உளி அவனுடைய இடது கையில் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சி, அவன் வெட்டிய எழுத்துகளின் மேலேயே விழுந்தது.

மாணவர்கள் மூன்று பேர் ஓடினார்கள். ஒருவன் துடிக்காத குழாயைக் கட்டினான். ஒருவன் பச்சிலையை வைத்து அப்பினான். மூன்றாமவன் கல்லை மறுபடி படித்துப் பார்த்தான். எர்மோனின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

மெலாந்தர் மண்டியிட்டு, அவன் கழுத்துத் துடிப்பில் விரலை வைத்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் ஒருமுறை எழுந்தது. செத்த உடம்பையே பார்த்துப் பழகியவர், உயிருள்ள உடம்பை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தார்.

"தோரிஸ், எந்தக் குழாய்?" என்று கேட்டார்.

"துடிக்கிறதுதாங்க."

அவள் அதை அழுத்திப் பிடித்தாள். அவர் நூலால் கட்டினார். ரத்தம் நின்றது.

ராஜா அருகே வந்தான். "வைத்தியரே, கல்லுக்கு விரோதமாகச் செய்துவிட்டீர். பக்கத்துக் குழாயின் ரத்தம் தாவியது என்று சொல்லிவிடும், நானும் நம்பிவிடுகிறேன். கல்லும் நிற்கும், நீரும் இங்கேயே இருக்கலாம்."

"அது பொய், அரசே. செத்தபின் காலியாகும் குழாயைப் பார்த்துக் காற்று என்று எழுதினேன். என் தப்பு. இந்தக் கல் நின்றால், இதைப் படிக்கிற ஒவ்வொரு வைத்தியனும் ஓர் எர்மோனைச் சாகவிடுவான். நானே அழிக்கிறேன். கப்பல் எப்போது புறப்படும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று உளியை எடுத்தார்.

தரையில் கிடந்த எர்மோன் வாயைத் திறந்தான்.

"ராஜா, அழிக்கிறவனுக்குத்தானே தண்டனை? வெட்டினதுல பிழை இருந்தா திருத்துறது தச்சன் வேலை. என் கல்லை நானே திருத்துறேன். சுத்தியல் பிடிக்க ஒரு கை இருக்கு. உளியை ஐயா பிடிச்சுக்கட்டும்."

ராஜா சிரித்துவிட்டான். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

காயம் கொஞ்சம் ஆறியதும் வைத்தியர் உளியைப் பிடித்தார், தச்சன் ஒரு கையால் தட்டினான். எழுத்துகள் கோணல்மாணலாக வந்தன. "துடிக்கும் குழாயில் ஓடுவது ரத்தம். கண்டு சொன்னவள் தோரிஸ்."

தோரிஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. மெலாந்தர் அவளுக்கு மூன்று முறை படித்துக் காட்டினார்.

கேட்டீர்களா, தன் தப்பைத் தன் கையாலேயே திருத்துகிறவன்தான் கற்றவன்.