கை தட்டினால் எழும் பிள்ளைகள்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை வீரகேது என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் கொடுத்த பதவியை மாலையில் பிடுங்கிவிடுகிற குணம் அவனுக்கு. தலைநகரில் சிறுபிள்ளைகளுக்கு இரண்டு பள்ளிகள் இருந்தன. ஒன்றை அரசவைப் பிரதானி நஞ்சுண்டர் நடத்தினார். மற்றொன்றில் அஞ்சுகம் என்ற பெண் கற்பித்தாள்.

நஞ்சுண்டர் பள்ளியில் ஈ பறக்கும் சத்தம் கேட்கும். அவர் கை தட்டினால் நாற்பது பிள்ளைகளும் எழுவார்கள். மறுமுறை தட்டினால் உட்காருவார்கள். நடுவில் அசைந்தால் இருட்டறை. அரசனின் ஆறு வயது மகள் குமுதவல்லியும் அங்கேதான் படித்தாள். அஞ்சுகத்தின் பிள்ளைகளோ நெளிவார்கள், முணுமுணுப்பார்கள். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள அவள் பழக்கியிருந்தாள்.

"அது பள்ளியில்லை அரசே, சந்தை" என்றார் நஞ்சுண்டர்.

அரசன் போட்டி வைத்தான். இரு பள்ளிப் பிள்ளைகளும் அரண்மனை முற்றத்தில் நண்பகல் முரசு வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் தோல்வி. தோற்ற ஆசிரியர் நாட்டைவிட்டுப் போக வேண்டும். நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வென்றவரிடம்.

போட்டியன்று காலை அஞ்சுகம் மேற்கு வானத்தைப் பார்த்தாள். கருத்துக் கிடந்தது. ஆசிரியர்கள் இருவரும் அங்கே இருக்கக் கூடாது, அரசர் மட்டும் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். நஞ்சுண்டர் சிரித்தபடி சம்மதித்தார்.

முற்பகலில் மழை கொட்டியது. அஞ்சுகத்தின் பிள்ளைகள் தமக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். சின்னவர்களை முன்னே விட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

மற்ற நாற்பது பேர் அசையவில்லை. திறந்த கண்களில் மழை விழுந்து வழிந்தது. இடி இடித்தும் ஒரு தலை திரும்பவில்லை. அரசன் மகளைக் கூப்பிட்டான். அதட்டினான். பிறகு கெஞ்சினான். கடைசியில் மழையில் இறங்கி அவளைத் தூக்கினான். மடித்த கால்கள் மடித்தபடியே அவன் கைகளில் இருந்தன.

முரசு ஒலித்தது. அப்போதும் அவர்கள் அசையவில்லை. நஞ்சுண்டர் ஓடிவந்து கை தட்டினார். நாற்பது பேரும் ஒரே சமயத்தில் இமைத்தார்கள். குமுதவல்லியின் கால்கள் மெல்ல நீண்டன.

"என் பிள்ளைகள் தோற்றுவிட்டார்கள் அரசே. நான் கிளம்பலாமா?" என்றாள் அஞ்சுகம்.

அரசன் பிரதானியின் பக்கம் திரும்பினான். "உட்காரும் நஞ்சுண்டரே" என்றான். "நான் கை தட்டும்வரை."

பிரதானி சேற்றில் உட்கார்ந்தார். கை தட்ட அரசனுக்கு அன்று நினைவு வரவில்லை. மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் அஞ்சுகத்திடம் போனார்கள்.

குமுதவல்லி மூன்று மாதம் சோற்றுத் தட்டின் முன்னும் யாராவது கை தட்டக் காத்திருந்தாள். ஒருநாள் பாடத்தின் நடுவே, யாரும் சொல்லாமல் எழுந்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு இடத்துக்கு வந்தாள். அஞ்சுகம் பார்க்காததுபோல் பாடத்தைத் தொடர்ந்தாள்.